பின்னாடி இடது ஜாக் பாதில நிக்குது, அலாரம் அடங்க மாட்டேங்குது

சக்கரவீடு:
வணக்கம் மக்களே, லெவலிங் ஜாக் (நிறுத்தின வண்டிய தூக்கி மட்டமாக்குறது) பத்தி தெரிஞ்சவங்க கொஞ்சம் எட்டிப் பாருங்க. நம்ம மோட்டார்ஹோம் (உள்ளயே தங்குற வீட்டு வண்டி) பெட்ரோல் எஞ்சின், நாலு மூலைக்கும் நாலு ஹைட்ராலிக் ஜாக், நேரா இறங்கி நேரா ஏறுற டைப், ஒவ்வொண்ணுக்கும் வெளிய ரெண்டு ஸ்ப்ரிங் இருக்கும். கிளம்பறப்போ மேல ஏத்துற பட்டன அழுத்தினா மூணு ஜாக் சரசரன்னு ஏறிடுது, பின்னாடி இடது பக்கம் மட்டும் பாதி வரைக்கும் வந்துட்டு நிக்குது, அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு இன்னும் கொஞ்சம் ஏறும், ஆனா முழுசா ஏறாது. டேஷ்போர்டுல ஜாக் லைட் எரிஞ்சுகிட்டே இருக்கு, பார்க்கிங் பிரேக்க எடுத்தா கீ கீன்னு அலாரம். இறக்குறப்போ ஒரு பிரச்சனையும் இல்ல, நாலும் ஒழுங்கா இறங்கி வண்டிய தூக்குது. ஆயில் குறைஞ்சிருக்குமோன்னு ஊத்தப் போறேன், சரியா? இல்ல ஜாக்கே போச்சா? புது ஜாக் வாங்குற நிலமைல இல்ல இப்போ.

தூக்கக்கலக்கம்:
வோல்ட்டேஜ் ப்ரோ. எஞ்சின ஆன்ல வச்சுட்டு ஏத்திப் பாருங்க. ஜாக் தகராறுல பாதி பேட்டரி தகராறுதான்.

மல்டிமீட்டர்:
பேட்டரி விஷயம் இறக்குறதுக்கு சரி, இவர் சொல்ற கோளாறுக்கு ஒத்து வராது. ஸ்ப்ரிங் வச்ச ஜாக்ல பெரும்பாலும் பம்ப் ஓடுறது இறக்கறப்போ மட்டும்தான், ஏத்துறப்போ பம்ப் சும்மா கிடக்கும், அந்த ஜாக்கோட சோலினாய்ட் வால்வு (கரண்ட்ல திறக்கிற வால்வு) மட்டும் திறக்கும், ஸ்ப்ரிங் இழுக்கிற இழுப்புல உள்ள இருக்கிற ஆயில் டேங்குக்கு திரும்பிப் போகும், அவ்வளவுதான் கதை. சந்தேகமா இருந்தா ஏத்துற பட்டன அழுத்திட்டு காத தீட்டி கேளுங்க, மோட்டார் சத்தம் வராது, டிக்னு வால்வு சத்தம் மட்டும் வரும்.

அதனால இவருக்கு மூணே இடம்தான் சந்தேகம். ஒண்ணு, வால்வு முழுசா திறக்கல, காயில் வீக்கா இருக்கலாம் இல்ல கரண்ட் ஒழுங்கா வராம இருக்கலாம். ரெண்டு, ஸ்ப்ரிங்குக்கு இழுக்க தெம்பு இல்ல. மூணு, ஜாக் சிலிண்டர்ல இருந்து வெளிய நீள்ற ராட் துருவேறி இல்ல சேறு காஞ்சு போய் சீல்ல சிக்குது. ஹோஸ் மடங்கி ஆயில் போற வழிய அடைக்கிறதும் உண்டு, ஆனா அது கடைசில பாக்க வேண்டியது.

சக்கரவீடு அண்ணே, ஆயில் இப்போதைக்கு ஊத்தாதீங்க. நாலு ஜாக்கும் முழுசா மேல இருக்கறப்போதான் லெவல் பாக்கணும். ஒண்ணு கீழ இருக்கறப்போ ரொப்பி வச்சீங்கன்னா அது ஏறுறப்போ அதுல இருக்கிற ஆயில் எல்லாம் டேங்குக்கு வந்து மூடி வழியா வழிஞ்சு கொட்டும்.

சக்கரவீடு:
நன்றி தம்பி, நீங்க சொன்ன மாதிரி கேட்டேன், மோட்டார் ஓடல, டிக் சத்தம் நாலுக்கும் வருது. சரி, மூணுல எதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

மல்டிமீட்டர்:
வால்வு பிளாக்க பாருங்க, ஒவ்வொரு ஜாக்குக்கும் ஒரு வால்வு இருக்கும், அதோட தலைல கையால திறக்குறதுக்கு ஒரு நட்டோ ஸ்க்ரூவோ வச்சிருப்பான், எந்தப் பக்கம் எவ்வளவு திருப்பணும்னு உங்க மேனுவல்ல பாத்துக்கோங்க, கம்பெனிக்கு கம்பெனி மாறும். அடம் பிடிக்கிற ஜாக்கோட வால்வ மட்டும் மெதுவா கொஞ்சம் கொஞ்சமா திறங்க.

திறந்த உடனே ஜாக் சர்ருன்னு ஏறிச்சுன்னா கோளாறு கரண்ட் பக்கம், காயில், வயர், கனெக்டர், போர்டு இப்படி. திறந்தும் அதே மந்தமா இருந்துச்சுன்னா கரண்ட மறந்துடுங்க, வண்டிக்கு அடியில ஜாக்க போய் பாருங்க. இந்த ஒரு சோதனைய பண்ணாம பார்ட்ஸ் வாங்குறவங்கதான் காயில், போர்டு, ஜாக்னு வரிசையா மாத்திட்டு உக்காந்திருப்பாங்க.

ஒரு எச்சரிக்கை, வண்டி பாரம் ஜாக் மேல இருக்கறப்போ அந்த வால்வ திறந்தா அந்த மூலை தொம்முன்னு இறங்கும். வண்டி டயர்ல உக்காந்திருக்கணும், டயருக்கு முன்னயும் பின்னயும் கட்டை, ஸ்லைடு (வண்டிச் சுவர்ல இருந்து வெளிய நீள்ற அறை) உள்ள, அடியில யாரும் இருக்கக் கூடாது. முடிஞ்சதும் நட்ட பழையபடி மூட மறக்காதீங்க, திறந்தே விட்டா அடுத்த தடவை அந்த ஜாக் இறங்கினாலும் பாரத்த தாங்காது.

பழையடீசல்:
மேல சொன்னதோட இன்னொண்ணு சேத்துக்கோங்க. ஜாக்க மட்டும் நம்பி வண்டிக்கு அடியில படுக்காதீங்க. ஜாக் வண்டிய மட்டமா நிறுத்தத்தான், டயர் கழட்டவோ அடியில வேலை பாக்கவோ இல்ல, எல்லா மேனுவல்லயும் கொட்டை எழுத்துல போட்டிருக்கான். அடியில போகணும்னா சேஸிஸ்ல ஸ்டாண்டு வச்சு போங்க. அப்புறம் ஆயில் கசிவ தேடுறேன்னு கைய வச்சு தடவிப் பாக்கறாங்க சில பேர். சிஸ்டம் ஓடுறப்போ 3,000 பிஎஸ்ஐ அளவுக்கு பிரஷர் இருக்கும், ஊசி மாதிரி ஓட்டை இருந்தா ஆயில் தோலுக்குள்ள புகுந்துடும், வெளிய சின்ன புள்ளியாதான் தெரியும், ஆனா உள்ள சதை கெட்டுப் போய் ஆபரேஷன் வரைக்கும் போகும். அட்டைய பிடிச்சு பாருங்க, கைய இல்ல.

ஊர்சுற்றி:
இதெல்லாம் எதுக்கு, அலாரம் வயர கட் பண்ணிட்டு ஓட்டுங்க பாஸ், பாதி ஏறின ஜாக் ரோட்ல இடிக்காது 😀

ஆறுசக்கரம்:
ஊர்சுற்றி, விளையாட்டுக்கு சொன்னீங்கன்னு நெனச்சுக்கறேன், ஆனா இத படிச்சுட்டு யாராவது நிஜமா வெட்டிடுவாங்க. பாதில நிக்கிற ஜாக் வேகத்தடைல மாட்டினா ராட் வளையும், வளைஞ்ச ராட் அதுக்கப்புறம் ஏறவும் ஏறாது இறங்கவும் இறங்காது, அதோட மவுண்டிங்கையும் பிச்சுகிட்டு வரும். அந்த அலாரம் இருக்கிறதே அதுக்குத்தான். ஓட்டியே ஆகணும்னா வால்வ கையால திறந்து, பாட்டில் ஜாக்க அடில வச்சு லெவலிங் ஜாக்கோட காலடிய மேல தள்ளி, வால்வ மூடி, ராட்செட் பெல்ட் போட்டு சேஸிஸோட இறுக்கி கட்டிட்டு மெதுவா போகலாம், அதுவும் ரிப்பேர் பண்ற இடம் வரைக்கும்தான்.

சக்கரவீடு அண்ணா, வால்வு சோதனைய பண்ணிட்டு ஸ்ப்ரிங்க பாருங்க. முழுசா ஏறின ஜாக்ல ஸ்ப்ரிங் சுருள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நெருக்கமா இருக்கணும். வலது பக்க ஜாக்கோட ஒப்பிட்டுப் பாத்தா போதும்.

சக்கரவீடு:
பண்ணிட்டேன். வால்வ முழுசா திறந்தும் அதே கதை, பாதில நின்னுடுச்சு. அடியில டார்ச் அடிச்சு பாத்தேன், வெளிப்பக்க ஸ்ப்ரிங்கோட மேல் கொக்கி அப்படியே ஒடஞ்சு ஸ்ப்ரிங் ஒரு பக்கமா தொங்குது, உள்பக்கத்து ஸ்ப்ரிங் மாட்டிதான் இருக்கு ஆனா சுருளுக்கு நடுவுல இடைவெளி தெரியுது. ராட்ல சேறு காஞ்சு ஒரு பட்டையாவே பிடிச்சிருக்கு, அத சுரண்டினா அடியில லேசா பழுப்பு கலர். ஒரு ஸ்ப்ரிங் மட்டும் வாங்கினா போதுமா?

ஆறுசக்கரம்:
ஜோடியா மாத்துங்க. ஒண்ணு புதுசு ஒண்ணு நீண்டு போனதுன்னா இழுப்பு ஒரு பக்கமா போகும், அந்தப் பழசும் அடுத்து ஒடையும்.

மாத்துறப்போ மொதல்ல கண்ணாடி போடுங்க, தெறிச்சா கண்ணுதான். கழட்டுறதுக்கு ஒரு வழி இருக்கு. ஜாக்க கீழ இறக்கினா ஸ்ப்ரிங் விரிஞ்சு நிக்கும்ல, அப்போ ஒவ்வொரு சுருள் இடுக்குலயும் ஒரு வாஷர சொருகுங்க. அப்புறம் வால்வ கையால திறந்து பாட்டில் ஜாக்கால காலடிய மேல தள்ளினா, வாஷர் இருக்கறதால ஸ்ப்ரிங் சுருங்க முடியாது, நீளமாவே லொடலொடன்னு நிக்கும், கொக்கிய கையாலயே கழட்டிடலாம். புதுச மாட்ட, ஸ்ப்ரிங்க வைஸ்ல பிடிச்சு ஒரு பக்கமா வளைச்சா வெளிப்பக்கம் சுருள் வாய் திறக்கும், அங்க வாஷர் சொருகி, மறுபக்கம் வளைச்சு அங்கயும் சொருகி நீளமாக்கிக்கோங்க, மாட்டின பிறகு ஜாக்க இறக்கினா வாஷர் எல்லாம் தானா உதிரும். உதிராதத நோண்டி எடுங்க. ஒண்ணு கூட உள்ள விட்டுடாதீங்க.

பழையடீசல்:
ராட்டுக்கு என்ன போடுறதுன்னு கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். மண்ணெண்ணெய், கிரீஸ் ரெண்டும் வேணாம். கிரீஸ் போட்டா மொத வாரம் நல்லா ஓடும், அப்புறம் ரோட்டுப் புழுதி எல்லாம் அதுல ஒட்டி உப்புத்தாள் வேலைய பாக்கும், ஒவ்வொரு தடவை ஏறி இறங்கறப்பவும் ராட்டோட அழுக்க வழிக்கிற வைப்பர் சீல தேய்ச்சு எடுத்துடும். ஜாக்க முழுசா இறக்கி, ராட்ட ஈரத்துணியால தொடச்சு காயவிட்டு, காஞ்சு போற டைப் சிலிகான் ஸ்ப்ரேய துணில அடிச்சு மெல்லிசா தடவி, மேல ஏத்தி இறக்கி, வெளிய வர்ற அழுக்க திரும்ப தொடைங்க, துணி சுத்தமா வர்ற வரைக்கும்.

தூக்கக்கலக்கம்:
நான் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஆயிலயே துணில நனைச்சு தடவறேன், உள்ள இருக்கிறதும் அதே ஆயில்தானே, ஒண்ணும் ஆகல.

பழையடீசல்:
தொடச்சு எடுத்துட்டீங்கன்னா பரவால்ல. ஈரமா விட்டாதான் வம்பு. அப்புறம் அந்த பழுப்புக் கறை விரல் நகத்துல மாட்டுதான்னு தடவிப் பாருங்க சக்கரவீடு. மாட்டலன்னா மேல் கறைதான், போயிடும். சொரசொரப்பா குழி விழுந்து நகத்துல மாட்டிச்சுன்னா குரோம் உரிஞ்சு போச்சுன்னு அர்த்தம், எத்தன ஸ்ப்ரிங் மாத்தினாலும் அது சீல கிழிச்சுகிட்டேதான் இருக்கும். உப்புத்தாள் போட்டு தேய்க்காதீங்க, இருக்கிற குரோமும் போயிடும்.

சக்கரவீடு:
நகத்துல மாட்டல, வழவழன்னுதான் இருக்கு. பெரிய நிம்மதி. ஸ்ப்ரிங் சொல்லிட்டேன், வந்ததும் மாட்டிட்டு வர்றேன்.

ஊர்சுற்றி:
சரி, இழை சூடா இருக்கறப்பவே என் சந்தேகத்தையும் கேட்டுக்கறேன் (அலாரம் வயர் நிஜமாவே விளையாட்டுதான் அக்கா). சாயங்காலம் மட்டமா நிறுத்திட்டு தூங்கறேன், காலைல எழுந்தா ஒரு பக்கம் சாஞ்சிருக்கு, நடுராத்திரில டொப்புனு ஒரு சத்தம் வேற, வீட்ல எல்லாரும் எழுந்து உக்காந்துடறாங்க. எங்கயும் ஆயில் சொட்டல.

மல்டிமீட்டர்:
டொப் சத்தம் பெரும்பாலும் பயப்பட வேண்டியது இல்ல. ராத்திரி குளிர்றப்போ ஆயில் சுருங்கும், ராட் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போகாம சீல்ல பிடிச்சுகிட்டு நின்னு, பிடி விட்டதும் ஒரே அடியா நகரும், அதான் சத்தம். சுத்தமான ராட்ல இது ரொம்ப குறையும்.

வண்டி எவ்வளவு இறங்கும்னு ஒரு கணக்கு போடலாம். இந்த மாதிரி ஆயில் ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.0007 பங்கு சுருங்கும். ஜாக் 25 சென்டிமீட்டர் வெளிய நீண்டு நிக்குது, ராத்திரி 20 டிகிரி குறைஞ்சா 3.5 மில்லிமீட்டர் வரும். இது எல்லா ஜாக்லயும் நடக்கும், அதிகமா நீண்டு நிக்கிற ஜாக் அதிகமா சுருங்கும். அதுக்கு மேல சுருங்கினா, குறிப்பா ஒரே ஜாக் மட்டும் சுருங்கினா, வால்வு முழுசா மூடாம ஆயில் டேங்குக்கு நழுவுது. வெளிய சொட்டாததுக்கு அதான் காரணம்.

ராத்திரி மட்டமா நிறுத்தினதும் நாலு ராட்லயும் சிலிண்டரோட அடி விளிம்புக்கு கொஞ்சம் கீழ, ஒரே இடைவெளி விட்டு சன்னமா ஒரு டேப் ஒட்டுங்க. காலைல பாத்தா தெரிஞ்சுடும். ஆனா ஆட்டோ லெவல ஆஃப் பண்ணிட்டு செய்ங்க, அது பாட்டுக்கு ராத்திரி எழுந்து சரி பண்ணிட்டு இருந்தா ஒண்ணும் புரியாது. ஏத்துறதுக்கு முன்னாடி டேப்ப கிழிச்சுடுங்க, பசை சீலுக்குள்ள போகக் கூடாது.

ஆறுசக்கரம்:
கூடவே அடியில என்ன வச்சிருக்கீங்கன்னும் பாருங்க ஊர்சுற்றி. வெயில்ல இளகின தார்ல ஜாக் காலடி அப்படியே புதையும், மழை பெஞ்ச மண்ணும் அப்படித்தான், அப்போ ஜாக் மேல தப்பே இல்லாம வண்டி சாயும். காலடிய விட அகலமான கெட்டி பலகை இல்ல பிளாஸ்டிக் பேட் போட்டு பழகுங்க. பலகைய கோபுரமா அடுக்காதீங்க, ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கும்.

சக்கரவீடு:
இதுல எனக்கும் ஒரு கேள்வி. சரிவான இடத்துல ஆட்டோ லெவல் போட்டா சில சமயம் பின் டயர் தரைய விட்டு எழும்பிடுது. வீட்டம்மா இது சரியில்லன்னு சொல்றாங்க, ஜாக்தான் தாங்குதேன்னு நான் சொல்றேன். யார் சரி?

பழையடீசல்:
வீட்டம்மாதான் சரி, தம்பி. பார்க்கிங் பிரேக் பிடிக்கிறது எதுல? பின் சக்கரத்துல, இல்லன்னா பின் சக்கரத்துக்கு போற டிரைவ் ஷாஃப்ட்ல. ரெண்டு பின் சக்கரமும் அந்தரத்துல இருந்தா உங்க பிரேக் ஒண்ணுத்தையும் பிடிச்சு நிறுத்தல, கியர் பார்க்ல இருந்தும் பிரயோஜனம் இல்ல, முன் சக்கரம் பாட்டுக்கு உருளும். ஜாக் மேல இருந்து கீழ பாரம் தாங்கத்தான், பக்கவாட்டுல தள்ளினா தாங்காது. வண்டி ஒரு அடி நகந்தா ஜாக் வளைஞ்சு வண்டி கீழ விழும்.

அதனால நிறுத்துறப்பவே பள்ளப் பக்கம் வண்டியோட மூக்கு இருக்கிற மாதிரி நிறுத்துங்க, அப்போ முன் ஜாக்தான் அதிகம் தூக்கும், பின் சக்கரம் தரைல இருக்கும். முடியலன்னா பின் டயருக்கு அடியில பலகை போட்டு அது மேல ஏத்தி நிறுத்திட்டு அப்புறம் லெவல் பண்ணுங்க. பின்னாடி ஒரு பக்கத்துக்கு ரெண்டு டயர் இருக்குல்ல, பலகை ரெண்டுக்கும் அடியில முழுசா இருக்கணும், ஒண்ண மட்டும் ஏத்தி இன்னொண்ண அந்தரத்துல விட்டா மொத்த பாரமும் ஒரே டயர் மேல. இது ரெண்டும் முடியாத இடம்னா அந்த இடம் நமக்கு வேணாம், வேற பாருங்க.

மல்டிமீட்டர்:
கையால லெவல் பண்றவங்க ஒத்த மூலைய மட்டும் தூக்காம ஜோடியா தூக்குங்க, முன் ரெண்டு, பின் ரெண்டு, அப்புறம் பக்கவாட்டுல ரெண்டு. ஒரு மூலைய மட்டும் தூக்கினா சேஸிஸ் முறுக்கும், முன் கண்ணாடி விரிசல் விடுறது, கதவு ஒட்டாம போறது, ஸ்லைடு இறுகிக்கறது எல்லாம் அதுலதான். ஸ்லைடு பத்தி கம்பெனிக்கு ஒரு விதி இருக்கு, பெரும்பாலும் லெவல் பண்ணிட்டு ஸ்லைடு வெளிய, கிளம்பறப்போ ஸ்லைடு உள்ள போன பிறகு ஜாக் மேல. உங்க புத்தகம் வேற சொன்னா புத்தகத்த கேளுங்க.

தூக்கக்கலக்கம்:
ஏர் பேக் சஸ்பென்ஷன் வண்டிக்காரங்களுக்கும் ஒரு வரி. மொதல்ல காத்த இறக்கிட்டு அப்புறம் ஜாக். காத்து நெறஞ்சிருக்கறப்போ தூக்கினா, அதுக்கப்புறம் காத்து மெல்ல இறங்கறப்போ வண்டி உக்கார்ற விதமே மாறும். அப்புறம் நான் மொதல்ல சொன்ன வோல்ட்டேஜ் விஷயம், இறக்குறப்போ பம்ப் முக்கினா அதுதாங்க. சும்மா இருக்கறப்போ பேட்டரி 12.6 காட்டும், பட்டன அழுத்தினதும் பம்ப் மோட்டார்ல 10க்கு கீழ விழும், கன்ட்ரோலர் லோ வோல்ட்டேஜ்னு நின்னுடும்.

மல்டிமீட்டர்:
அது சரியான பேச்சு. பம்ப் ஓடிட்டு இருக்கறப்போ, மோட்டார் முனைலயே அளக்கணும். பேட்டரில 12, மோட்டார்ல 10 காட்டினா நடுவுல எங்கயோ ரெண்டு வோல்ட் காணாம போகுது, எர்த் கேபிள் முனை துருவா இருக்கும், இல்ல பம்ப் ரிலே உள்ள கருகியிருக்கும். பேட்டரிலயே 10னு காட்டினா பேட்டரி காலி.

சக்கரவீடு:
ஸ்ப்ரிங் ரெண்டும் மாட்டியாச்சு, வாஷர் வித்தை அருமையா வேலை செஞ்சுது அக்கா. ராட்ட துடைச்சு எடுத்த துணிய பாத்தா களிமண்ணு. இப்போ இடது ஜாக் மத்த மூணோட சேந்தே ஏறுது, கொஞ்சம் முன்னாடியே கூட போயிடுது. ஆனா பாருங்க, முழுசா ஏறியும் அந்த ஒரு லைட் மட்டும் அணைய மாட்டேங்குது, அலாரமும் அப்படியே.

ஆறுசக்கரம்:
அப்போ சென்சார். சில வண்டில பிரஷர் சுவிட்ச், வால்வு பிளாக்ல இருக்கும். சிலதுல ஜாக்லயே காந்த சுவிட்ச். உங்களுது ஜாக்குக்கு ரெண்டு மெல்லிசு வயர் போகுதுன்னா ரெண்டாவது வகை. அந்த கனெக்டர வலது பக்க ஜாக்கோடத கழட்டி இதுல மாத்தி மாட்டிப் பாக்க வயர் எட்டாது, அதனால கனெக்டர கழட்டி உள்ள பாருங்க, சேறு இருந்த இடத்துல தண்ணியும் போயிருக்கும்.

சக்கரவீடு:
கழட்டினேன், ஒரு பின் முழுக்க பச்சை பூத்திருந்துச்சு. கான்டாக்ட் கிளீனர் அடிச்சு சின்ன பிரஷ்ல தேய்ச்சு திரும்ப மாட்டினதும் லைட் அணைஞ்சுடுச்சு, பார்க்கிங் பிரேக்க எடுத்தேன், அமைதி. கனெக்டர் வாய்ல டைஎலக்ட்ரிக் கிரீஸ் வச்சு மூடிட்டேன். இப்போ நாலும் மேல இருக்கறப்போ ஆயில் பாத்தேன், கோட்டுக்கு கொஞ்சம் கீழ. டேங்க் ஸ்டிக்கர்ல டெக்ஸ்ரான் 3 ஏடிஎஃப்னு போட்டிருக்கு, அதையே ஊத்தினேன்.

பழையடீசல்:
நல்லது. ஸ்டிக்கர பாத்து ஊத்தினீங்க பாருங்க, அதான் சரி. பிரேக் ஆயில மட்டும் யாரும் ஊத்திடாதீங்க, சீல் எல்லாம் ஊதிப் போகும்.

ஊர்சுற்றி:
டேப் ஒட்டிப் பாத்தேன். மூணு ராட்ல டேப் கிட்டத்தட்ட அதே இடத்துல இருக்கு, முன் வலது மட்டும் விளிம்பு பக்கமா ஒரு விரல் அகலத்துக்கு நகந்துடுச்சு. கீழ கான்கிரீட், பேட் போட்டிருந்தேன், புதையல. வால்வுதானா?

மல்டிமீட்டர்:
வால்வுன்னு தொண்ணூறு சதவீதம், பிஸ்டன் சீலா இருந்தா இந்த டைப்ல ஆயில் வெளிய கசிஞ்சு காட்டிக் கொடுத்திருக்கும். உறுதி பண்ணிக்க, எல்லா ஜாக்கையும் முழுசா ஏத்தி பிரஷர் இல்லாம ஆக்கிட்டு, முன் வலது வால்வு கார்ட்ரிட்ஜையும் (பிளாக்ல இருந்து கழட்டுற வால்வு) முன் இடதையும் இடம் மாத்திப் போடுங்க. கழட்டுறதுக்கு முன்னாடி பிளாக்க சுத்தமா தொடைங்க, ஒரு மண் துகள் உள்ள விழுந்தா இன்னொரு வால்வும் ஒழுகும். மறுபடி டேப் ஒட்டுங்க.

ஊர்சுற்றி:
மாத்தினேன், இறக்கம் இப்போ முன் இடதுக்கு போயிடுச்சு, முன் வலது அசையல. கார்ட்ரிட்ஜ் முனைய வெளிச்சத்துல பாத்தா ஓ-ரிங் பக்கத்துல மின்னுற மாதிரி சின்னச் சின்ன துகள் ஒட்டியிருக்கு. புதுசு சொல்லிட்டேன். டேங்க் ஆயில்ல கொஞ்சம் எடுத்துப் பாத்தேன், சிவப்பா இல்லாம பால் கலந்த மாதிரி இருக்கு.

பழையடீசல்:
பால் மாதிரின்னா தண்ணி போயிருக்கு. மூச்சு மூடிய பாருங்க, டேங்க் மேல இருக்கிறது, வெடிச்சிருக்கும் இல்ல வண்டி கழுவுறப்போ நேரா அது மேலயே பீச்சியிருப்பீங்க. ஆயில எல்லாம் இறக்கிட்டு டேங்க கழட்டி அடி மண்டிய தொடச்சு, புது மூடி, புது ஆயில் போட்டு, நாலு ஜாக்கையும் முழுசா இறக்கி ஏத்தி ரெண்டு மூணு தடவை ஓட்டுங்க, உள்ள இருக்கிற காத்து டேங்க் வழியா போயிடும். ஜாக்லயும் ஹோஸ்லயும் மிச்சம் இருக்கிற பழைய ஆயில் கலந்து திரும்ப கலங்கலா வந்தா இன்னொரு தடவை மாத்துங்க. அதுக்கு அப்புறம் புது கார்ட்ரிட்ஜ போடுங்க, முன்னாடி போட்டா அதே துகள் அதுலயும் போய் உக்காரும்.